நான் பார்த்தால் கோல் விழும்

எங்கள் வீட்டில் கால்பந்து தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். அந்த வருஷத்து நாக்-அவுட் கோப்பையில் என் தம்பி ஆடிய ஆட்டங்களைப் பார்க்கவே கூடாது என்று தடை போடப்பட்ட ஆளும் நான் ஒருவன்தான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

தம்பி ஒரு அலுவலக அணியின் கோல்கீப்பர். விளையாட்டுக் கோட்டாவில் வேலை. பகலில் கோப்பு நகர்த்துவான், காலையும் மாலையும் பந்து பிடிப்பான். வயது முப்பத்தைந்தைத் தொட்டுவிட்டது. கல்யாணத்தை ஒவ்வொரு சீசனாகத் தள்ளிப்போட்டதில் பெண் பார்க்கிறவர்களே களைத்துப்போய் விட்டுவிட்டார்கள். அந்த வருஷம்தான் அவன் அணி, நாடு முழுவதிலிருந்தும் கிளப்புகள் வந்து மோதும் கோப்பைக்குத் தகுதி பெற்றது. கேம்ப்புக்குக் கிளம்பும்போது வாசலில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னான்.

"இதான்ணா லாஸ்ட். இதோட கிளவுஸக் கழட்டி வெச்சிடுவேன். நீ ஒண்ணு விடாம பாத்துடு."

அவன் என்னிடம் இதைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் நானும் கோல்கீப்பர்தான். பந்தைத் தவிர மற்றதையெல்லாம் பிடிப்பேன். ஆனால் ஒரு கோல்கீப்பர் ஏன் அரையடி முன்னால் வந்தான், எந்தக் காலில் கனத்தை வைத்து நிற்கிறான் என்பதெல்லாம் எனக்குப் பார்த்தவுடன் தெரியும். அது அவனுக்கும் தெரியும். சின்ன மைதானங்களில் ஆடும்போது, ஊரே கைதட்டினாலும் அவன் என் முகத்தைத்தான் தேடுவான். லேசான பந்தைப் பறந்து பிடித்துப் படம் காட்டினால் நான் உதட்டைப் பிதுக்குவேன். நிஜமாகவே கஷ்டமான ஒன்றை அவன் சத்தமில்லாமல் தட்டிவிடும்போது மைதானத்தில் யாருக்கும் ஒன்றும் புரியாது. நான் தலையை ஆட்டுவேன். அது போதும் அவனுக்கு.

நாங்கள் குடியிருப்பது செம்பாக்கத்தில், ஏரிக்குப் பின்பக்கம், மாடிப் போர்ஷன். கீழே ஹவுஸ் ஓனர். அவருடைய அப்பா காலத்தில் அந்தத் தெருவே அவர்கள் நெல்வயல். இப்போது வயல் போய், அதன் மேல் அவருடைய வாடகை வீடுகளும் ஒரு சிமெண்டுக் கடையும் நிற்கின்றன. நல்ல மனுஷர். தம்பி மேல் உயிர். அவர் வீட்டு டிவியில் எந்நேரமும் சீரியல் ஓடும் என்பதால், முதல் மேட்ச் அன்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார். செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

அவருக்குத் தெரிந்ததெல்லாம் கிரிக்கெட். தம்பி முதல் பந்தைக் கையில் பிடித்ததும் எழுந்து நின்று "அவுட்டு" என்றார். இதில் அவுட் கிடையாது என்று நான் விளக்கினேன்.

"கைல புட்சா அவுட்டு இல்லன்னா இன்னா கேம் சார் இது" என்று உட்கார்ந்தார்.

ஆட்டக்காரர்கள் எல்லாரும் அவருக்கு ஒரே மாதிரிதான் தெரிந்தார்கள். அதனால் பச்சைச் சட்டை போட்டவர் நம்ம தம்பி என்று அடையாளம் வைத்துக்கொண்டார். என் மனைவி இன்னொரு ரகம். தம்பியை நோக்கி யாராவது ஓடிவந்தாலே அவளுக்கு நெஞ்சு அடைக்கும். சமையலறை வாசற்படியில் நின்று கண்ணை இறுக மூடிக்கொண்டு, "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

நான் நாற்காலியை டிவிக்கு நேராக இழுத்துப் போட்டு, "இப்ப அவன் நிக்கிற இடத்தைக் கவனிங்க" என்று ஆரம்பித்தேன். நான் காட்டிய அதே இடத்தின் வழியாகத்தான் பந்து உள்ளே போனது. ஹவுஸ் ஓனர் டிவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

இடைவேளையில் அவருக்குப் பஜ்ஜி ஆசை வந்தது. இரும்புலியூர்ப் பாலத்தருகே ஒரு கடை இருக்கிறது, வாழைக்காய் பஜ்ஜி அங்கே போல வராது என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் மாட்டி, பொட்டலத்தோடு திரும்பி வருவதற்குள் ஆட்டமே முடிந்திருந்தது. மாடிப்படியிலேயே ஹவுஸ் ஓனர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இரண்டு கோல் போட்டு ஜெயித்துவிட்டார்களாம். எனக்கு ஒரே சந்தோஷம். அவர் பிடியைத் தளர்த்திவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"நீங்க இருக்க சொல்ல ஒண்ணு வாங்குனோம் சார். நீங்க அப்பால போனீங்க, ரெண்டு போட்டோம்."

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நம் வீடுகளில் இது எவ்வளவு தீவிரமான சமாச்சாரம் என்பது எனக்கே தெரியும். சிக்ஸர் அடிக்கும்போது ஒருவர் பாத்ரூமில் இருந்தால், அவர் ஆட்டம் முடியும்வரை பாத்ரூமில்தான் இருக்க வேண்டும். வெளியே வரட்டுமா என்று கேட்கக்கூட உரிமை இல்லை. அதிலாவது இன்று தோற்றால் நாளைக்கு இன்னொரு மேட்ச் இருக்கும். இது நாக்-அவுட். ஒரு தோல்வி, மூட்டை கட்டு, வீட்டுக்கு வா. ஆகவே சட்டம் கடுமையாகத்தானே இருக்கும்.

இரண்டாவது மேட்ச் அன்று என் மனைவி, "ஏங்க, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அந்தப் பஜ்ஜிக் கடைக்குப் போய்ட்டு வந்துடுங்களேன்" என்று கொஞ்சினாள். படித்தவள், பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போவதுபோல் போய், தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி நடந்து வந்தேன். மாடிப்படியில் சத்தம் போடாமல் ஏறி, ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன்.

நான் எட்டிப் பார்த்த அந்த நொடியில் கோல் விழுந்தது. நம் பக்கத்தில்தான். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி தாமதமாகப் பார்த்திருந்தால்கூட அவன் பிடித்திருப்பான் என்று எனக்கே தோன்றியது. ஹவுஸ் ஓனர் நேராக ஜன்னல் பக்கம் திரும்பினார். திட்டவெல்லாம் இல்லை. சாவு வீட்டில் பேசுகிற குரலில், "போய்ட்டு வாங்க சார்" என்றார்.

போனேன். சமன் செய்து, பெனால்டியில் ஜெயித்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் எனக்கு வக்காலத்து வாங்க ஆளே இல்லை. மேட்ச் நாளில் நான் அதே நீலக்கட்டம் போட்ட சட்டை அணிய வேண்டும், போனை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும், இரும்புலியூரில் நின்று வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட வேண்டும். ஒருமுறை மாறுதலுக்கு மிளகாய் பஜ்ஜி சாப்பிடட்டுமா என்று கேட்டேன். ஹவுஸ் ஓனர் என் மனைவியைப் பார்த்தார். அவள்தான், "விளையாடாதீங்க" என்றாள்.

காலிறுதி அன்று பஜ்ஜிக் கடைக்காரர் விஷயத்தைக் கேட்டறிந்து, கரண்டியை எண்ணெயிலேயே விட்டுவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தன் போனில் போட்டுக் காட்டவா என்றார். நான் பதறிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நீ பாக்கறதால பந்து உள்ள பூடுமா சார்" என்றார்.

 வெட்கக்கேடு என்னவென்றால், கேலி பண்ணிக்கொண்டே நானும் நம்ப ஆரம்பித்திருந்தேன். பஜ்ஜியை மென்று முடித்து இன்னொரு பிளேட் சொன்னேன். அன்றைக்கும் ஜெயித்தார்கள்.

ஒவ்வொரு மேட்சும் முடிந்தவுடன் தம்பி கூப்பிடுவான். எடுத்த எடுப்பில் "பாத்தியாண்ணா" என்பான். பக்கத்தில் என் மனைவி, சொல்லிவிடாதே என்று கையை ஆட்டுவாள். ஆடுகிற பையன், மனசு குழம்பிவிடும் என்பது அவள் கட்சி. நானும் "பிரமாதம்டா" என்று மழுப்புவேன். "செகண்ட் ஹாஃப்ல ஒண்ணு" என்று இழுப்பான். "அதான்டா மேட்ச்சே" என்பேன். எந்த ஒன்று என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த நேரத்தில் நான் எந்தச் சட்னி காலியாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

அரையிறுதியும் வந்தது. இரும்புலியூரில் என் கடமையை முடித்துவிட்டு வந்தால், ஹவுஸ் ஓனர் மாடிப்படியிலேயே ஆடிக்கொண்டிருந்தார். தம்பி பெனால்டியைப் பிடித்துவிட்டாராம். எப்படி என்று லுங்கியோடு படியில் பாய்ந்தே காட்டினார். வலது பக்கம், நீட்டி, இரண்டு கையாலும். முழங்கையில் சிராய்ப்பு வேறு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த முறை பொய் சொல்ல வேண்டாம், உருப்படியாக ஒரு வார்த்தை சொல்லலாம் என்று, போன் வந்ததும் நானே முந்திக்கொண்டேன். வலது பக்கம் பாய்ந்தாயே, அதுவரை கால் அசையாமல் நின்றாயே, அது ஒன்று போதும்டா ஜென்மத்துக்கு என்றேன்.



"நான் ஆடலயேண்ணா" என்றான். "இடது கை விரல் வீங்கிடுச்சு. பெஞ்ச்ல உக்காந்திருந்தேன். புடிச்சது எங்க செகண்ட் கீப்பர்."

நான் ஹவுஸ் ஓனரைப் பார்த்தேன். அவர் முழங்கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். இதற்கு மேல் மறைக்க முடியாது. பஜ்ஜி, நீலக்கட்டச் சட்டை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை.

"ஃபர்ஸ்ட் மேட்ச்லயும் பாக்கலயா?"

"அதுல அந்த கோல் வரைக்கும் பாத்தேன்டா. ரெண்டாவதுல ஜன்னல் வழியா அந்த ஒரு கோல்."

"அப்ப இந்த சீசன்ல நீ பாத்தது நான் விட்ட ரெண்டு கோல் மட்டும்தானா?"

 ஃபைனல் நம்ம ஊரில்தானே, நேரில் வந்து பார்க்கிறேன், இது சத்தியம் என்றேன். விரல் சரியானால்தான் ஆடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரையும் பிடிபிடியென்று பிடித்தேன். மேட்ச் முழுக்க என் தம்பி மைதானத்திலேயே இல்லை, அதுகூடத் தெரியாமல் இங்கே என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்றேன். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டிருந்ததாக ஒப்புக்கொண்டாள். ஹவுஸ் ஓனர் மட்டும் அசரவில்லை.

"பச்ச சட்ட போட்டுகினு ஒர்த்தர் நின்னுகினுதான் இருந்தாரு சார். யார் நின்னா இன்னா? நீங்க பஜ்ஜி துன்னீங்க, நாம ஜெயிச்சோம்."



ஃபைனலுக்கு அவருடைய சிமெண்டுக் கடைக் குட்டி யானை லோடு வண்டியில் போனோம். அவரும் என் மனைவியும் முன்னால், நான் பின்னால் காலிச் சாக்குகள் மேல். என் மடியில் இரும்புலியூரிலிருந்து காலையிலேயே வாங்கிவைத்த பஜ்ஜிப் பொட்டலம். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஸ்டேடியம் வாசலில் வண்டியை நிறுத்தியதும், ஹவுஸ் ஓனர் என் டிக்கெட்டையும் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கெஞ்சுகிற குரலில், வண்டியிடமே இருந்துவிடுங்கள், கோப்பையை வாங்கியதும் நானே வந்து கூட்டிப் போகிறேன் என்றார்.

சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். தம்பிக்குச் செய்த சத்தியம் ஒரு பக்கம். அவனுடைய கடைசி மேட்ச், நான் உள்ளே போய் அவன் தோற்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் ஒரு பக்கம். அந்தப் பயம்தான் ஜெயித்தது. குட்டி யானையின் பின்பலகையைத் திறந்துவிட்டு, காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தேன். ஆறிப்போன பஜ்ஜி தோல்மாதிரி இருந்தது. அதையும் தின்றேன்.

உள்ளே தம்பி ஆடுகிறானா, பெஞ்சில் இருக்கிறானா என்றுகூடத் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் கூட்டம் ஓவென்று கத்தும், அடங்கும். திடீரென்று ஒரு பெரிய சத்தம் வந்து, அதற்குப் பின் எங்கள் பக்கத்து ஆட்களிடமிருந்து ஒரு முனகல். கொஞ்ச நேரத்தில் ஹவுஸ் ஓனர் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். நான் உட்கார்ந்திருந்த இடத்தை, பொட்டலத்தை, என் சட்டையை எல்லாம் சோதித்தார்.

"நீங்க இங்கியேதான கீறீங்க? எட்டிக்கிட்டி பாத்தீங்களா?"

"இல்லையே."

"ஒண்ணு வாங்கிட்டோம் சார். தம்பிதான் நிக்கிறாரு. கைல வெள்ளத் துணி சுத்திகினு."

அந்த நொடியில் எனக்குப் பொங்கி வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? சொந்தத் தம்பி கோல் வாங்கியிருக்கிறான், அண்ணன்காரன் குதிக்கிறான். நான் பார்க்கவில்லை, ஆனாலும் விழுந்திருக்கிறது. ஜன்னல் இல்லை, டிவி இல்லை, பஜ்ஜியும் தின்றிருக்கிறேன், ஆனாலும் விழுந்திருக்கிறது. ஹவுஸ் ஓனரின் சட்டைப்பையில் கையை விட்டு என் டிக்கெட்டை உருவிக்கொண்டு உள்ளே ஓடினேன். அவர் தடுக்கவில்லை. ஒருவேளை ராசி திரும்பியிருக்கும், இப்போது உள்ளேதான் உட்கார வேண்டுமோ என்னவோ என்று அவரே குழம்பிப்போயிருந்தார்.

இடைவேளை முடிந்து தம்பி எங்கள் பக்கத்து கோலுக்கு வந்தான். கிளவுஸை இழுத்துவிட்டுக்கொண்டு கேலரியைப் பார்த்தான். நான் எழுந்து நின்று நீலக்கட்டச் சட்டையைப் பிடித்து ஆட்டினேன். பார்த்தானா என்று தெரியவில்லை. திரும்பி நின்றுகொண்டான்.

அதற்கப்புறம் நான் கண் சிமிட்டவே இல்லை. எத்தனையோ பிடித்தான், எல்லாம் அவன் பிடிக்க வேண்டியவைதான், நான் பேசாமல் இருந்தேன். பிறகு எதிரணியின் நெட்டையன் ஒருவன் தனியாக உள்ளே புகுந்தான். தம்பியும் அவனும் மட்டும்தான். நெட்டையன் மேல் மூலையைக் குறிவைத்து அடித்தான். தம்பி இடது பக்கம் எழும்பினான். பந்து கம்பத்துக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் வெளியே பறந்துவிட்டது. இவ்வளவு கிட்டத்திலிருந்து கோட்டைவிட்டானே என்று கூட்டம் அந்த நெட்டையனை ஊளையிட்டது. கோல்கீப்பர் கைபட்டு வெளியே போனால் எதிரணிக்குக் கார்னர். இங்கே ரெஃப்ரி கோல் கிக் என்று கையைக் காட்டினார். யாரும் தொடவில்லை என்று அர்த்தம். தம்பி ஒன்றும் பேசாமல் பந்தை எடுத்துவைத்தான்.

நான் தலையை ஆட்டினேன்.

ஆட்டம் முடியும் தறுவாயில் இன்னொரு கோல் விழுந்தது. கோப்பை அந்தப் பக்கம் போய்விட்டது. என் மனைவி அழுதாள். ஹவுஸ் ஓனர் என் பக்கம் திரும்பவே இல்லை, நேராகப் பார்த்துக்கொண்டே, "வண்டியாண்டயே இருந்திருக்கலாம் சார்" என்றார்.

பரிசளிப்பெல்லாம் முடிந்து தம்பி எங்களோடே குட்டி யானையில் ஏறிக்கொண்டான். முன்னால் இடமில்லை. பின்னால் சாக்குகள் மேல் என் பக்கத்தில் உட்கார்ந்தான். தோற்றவர்களுக்குக் கொடுத்த பதக்கம் கழுத்தில் கிடந்தது. ஜட்டி பனியன் வரைக்கும் சிமெண்டுத் தூசி. வண்டி மீனம்பாக்கம் தாண்டியது. பல்லாவரத்தில் சிக்னல் விழுந்தது.

"பாத்தியா?" என்றான், ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

"செகண்ட் ஹாஃப் ஃபுல்லா பாத்தேன்."

"என்ன பாத்த?"

"அந்த நெட்டையன் அடிச்சது வெளிய போகலடா. நீ தட்டின. இடது கை, துணி சுத்தின விரல். பந்து உள்ளதான் வந்துச்சு, உங்கிட்ட வந்து ஒரு இம்மி மேல ஏறிச்சு. கீழ இறங்கினதும் கையை முதுகுக்குப் பின்னாடி வெச்சிகிட்ட. வலியில உதறினா ரெஃப்ரி கண்டுபிடிச்சிடுவாருன்னுதானே?"

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். அப்புறம் அந்தக் கையைத் தூக்கித் தெருவிளக்கு வெளிச்சத்தில் பிடித்தான். நடுவிரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"ரெஃப்ரிக்குத் தெரியல. அந்த ஆளுக்கே தெரியல. எங்க கோச், வெளிய போற பந்துக்கு எதுக்குடா எழும்பினன்னு திட்டினாரு" என்றான்.

சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் முன்னால் ஹவுஸ் ஓனர் கண்ணாடியைத் தட்டி, தோத்துட்டு என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு என்பதுபோல் கையைக் காட்டினார். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். நல்லாத் தெரிஞ்சுதா என்று கேட்டான். நல்லாத் தெரிஞ்சுது என்றேன். குரோம்பேட்டை நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. காலை நீட்டிக்கொண்டு, என் தோளில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டான்.

"இன்னொரு தடவை சொல்லுண்ணா" என்றான். "மெதுவா சொல்லு. அவன் உள்ள பூந்தான் பாரு, அங்கேர்ந்து."